முழங்காலுக்கு நாலு விரல் கீழே

இருபது வருடத்துக்கு மேல் ஆண்பிள்ளைகளின் காலைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவள் நான். இதை இப்படிப் பச்சையாகச் சொன்னால் என் மருமகளுக்குப் பிடிக்காது. ஆனால் நான் பார்த்த வேலை அதுதான், அதை வேறு எப்படிச் சொல்வது?

மருமகள் தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் இருக்கிறாள். கோல்ஃப் ஆட வருகிற விருந்தாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிற மேசை அவளுடையது. போன மாதம் ஒருவர் கையில்லாத பனியனும் ரப்பர் சிலிப்பருமாக வந்து நின்றாராம். மேசையில் இருந்த பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். "உங்க காலத்துல இப்படி வந்தா என்ன அத்தை செய்வீங்க?" என்று சாப்பிடும்போது கேட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன், சோறு ஆறிப்போய்விட்டது. மறுநாள் அவளோடு வேலை செய்கிற பிள்ளைகளும் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

கம்போங் ராஜா பக்கம், தேயிலை மலைகளுக்கு நடுவே எங்கள் கிளப் இருந்தது. சுற்றுவட்டார எஸ்டேட் துரைமார்களுக்காகக் கட்டியது. ஒன்பது குழி உள்ள கோல்ஃப் மைதானம், நீளமான வராந்தா, வராந்தா நிறையப் பிரம்பு நாற்காலிகள். இப்போது அங்கே போனால் தக்காளிக் கூடாரங்கள்தான் தெரியும். நான் முதலில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு கூடை சுமக்க முதுகு இடம் கொடுக்கவில்லை. கிளப்பில் துணி வெளுக்க ஆள் கேட்டார்கள், போனேன். அங்கிருந்த கிழவர் ஒருவர் எனக்குத் தொழில் பழக்கினார். அவர் வாயிலிருந்து வந்த பாடமெல்லாம் "கஞ்சி அதிகம்", "கஞ்சி கம்மி" என்ற இரண்டுதான். அவர் ஓய்வு பெற்றுப் போனதும் நான் தலைமைச் சலவைக்காரி ஆனேன். எனக்குக் கீழே யாரும் இல்லை, அது வேறு விஷயம்.

எழுபதுகளின் நடுவில் கனகசபை ஐயா செக்ரட்டரியாக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டு, டை, நெற்றியில் தொப்பி மறைக்கிற இடத்தில் விபூதி. மனிதர்களை ரயில் வண்டி மாதிரிதான் பார்ப்பார், நேரத்துக்கு வரவேண்டும், தண்டவாளத்தை விட்டு இறங்கக்கூடாது. வந்த வாரமே அறிவிப்புப் பலகையில் உடை விதிகளை ஒட்டினார். அதைக் கவனிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார். "துணியைப் பற்றி உமக்குத்தான் தெரியும், பிள்ளை" என்றார். எனக்கு அப்போது முப்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் அவருக்கு நான் பிள்ளைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வராந்தாத் தூண் ஓரமாக நிற்பேன். யார் வந்தாலும் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டு போகவேண்டும். முதலில் சப்பாத்து. வாசலில் இருக்கிற இரும்புப் பட்டையில் சேற்றை வழித்துவிட்டுத்தான் ஏறவேண்டும். அடுத்தது காலுறை. அரைக்கால் சட்டை போட்டவர்கள் நீளக் காலுறை போடவேண்டும், அதன் விளிம்பு முழங்காலுக்கு நாலு விரல் கீழே நிற்கவேண்டும், அதற்கும் கீழே இறங்கக்கூடாது. அப்புறம் இடுப்பு வார், உள்ளே செருகிய சட்டை, காலர். தலையில் தொப்பி இருந்தால் கையில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

நாலு விரல் என்று எழுதிவிட்டார், ஆனால் ஒரு பெண்பிள்ளை ஆண்பிள்ளை முழங்காலில் விரலை வைத்து அளக்க முடியுமா? யோசித்துப் பார்த்துவிட்டு ஐயா ஒரு மூங்கில் கோல் செய்துகொடுத்தார். தன் விரலை வைத்தே அதில் கோடு கிழித்தார். கோலின் தலையை முழங்காலுக்கு நேரே பிடித்தால், காலுறை அந்தக் கோட்டைத் தொடவேண்டும். தொடாவிட்டால் நான் ஒன்றும் பேசக்கூடாது, இருமவேண்டும். இருமல் கேட்டால் ஐயா அறையிலிருந்து வருவார். குற்றம் செய்தவர் முகத்தைப் பார்க்கமாட்டார். குற்றம் எங்கே இருக்கிறதோ அதைப் பார்த்து, அதனிடமே பேசுவார். "இந்த மேஸ் எங்க போகுது?" என்று காலுறையிடம் கேட்பார், அவர் ஊரில் காலுறைக்கு மேஸ் என்று பேர். காலுறை பதில் சொல்லாது. "பெட்டியத் திறவும் பிள்ளை" என்பார் என்னிடம்.

பெட்டி என்பது ஒரு தகரப் பெட்டி. இரவல் கால்சட்டை, இரவல் டை, இரவல் காலுறை எல்லாம் அதில் இருக்கும். காலுறைகள் ஈப்போவில் ஒரு கடையில் விற்காமல் கிடந்த பந்தாட்டக் காலுறைகள், சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக. ஒரு தடவை அதைப் போட்டு ஒன்பது குழியும் நடந்தவன் மறு தடவை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டு வருவான் என்பது ஐயாவின் கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆனால் கோல் ஜூனியர்களுக்கு மட்டும்தான். எங்கள் கிளப்பில் ஜூனியர் என்றால் சின்ன வயது என்று அர்த்தமில்லை. சின்ன துரை என்கிற உதவி நிர்வாகி யாராக இருந்தாலும் கமிட்டி மனம் வைக்கிற வரைக்கும் ஜூனியர். தலை வழுக்கை விழுந்து இரண்டு பிள்ளை பெற்ற ஜூனியர்கூட இருந்தார். ஜூனியர்கள் பிரம்பு நாற்காலியில் உட்காரக்கூடாது, அவர்களுக்குச் சாய்மானம் இல்லாத ஒரு பலகை. சீனியர் உள்ளே வந்தால் எழுந்து நிற்கவேண்டும். மைதானத்தில் சீனியர் பின்னால் வந்தால் ஒதுங்கி வழி விடவேண்டும், அவர் பந்து தேயிலைக்குள் போனால் தேடிக் கொடுக்கவேண்டும். தேத்தண்ணி கடைசியில்தான் வரும், ஆறிப்போய். விருந்தாளி யாரையும் அழைத்து வரக்கூடாது. சீனியர்கள் எப்படி உடுத்தி வந்தாலும் ஐயா குனிந்து வணங்கி உள்ளே விடுவார். எனக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். இருமல் மருந்து வேண்டுமா என்று கேட்கிறவர்களும் ஜூனியர்களாகவே இருந்தார்கள்.

அந்த ஜூனியர்களில் ஒருவனாகத்தான் முரளி வந்தான். என்னோடு கொழுந்து பறித்த பாக்கியத்தின் மகன். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். லயத்து வீட்டில் வளர்ந்து, படித்து, பக்கத்து எஸ்டேட்டில் சின்ன துரையாக வந்துவிட்டான். மகன் துரையான பிறகும் பாக்கியம் கூடையை இறக்கவில்லை, சும்மா இருந்தால் கை கால் பிடித்துக்கொள்ளும் என்பாள். கிளப் வழக்கப்படி நான் அவனைத் துரை என்று கூப்பிடவேண்டும், அவன் என்னை அஞ்சலை என்று பேர் சொல்லிக் கூப்பிடவேண்டும். பிறந்ததிலிருந்து சின்னம்மா என்று கூப்பிட்ட வாய்க்கு அது வரவில்லை. மூன்று வருடம் என்னை எப்படியும் கூப்பிடாமலே சமாளித்தான். ஏதாவது வேண்டுமென்றால் என் கண்ணில் படுகிற இடத்தில் வந்து நிற்பான். யாரும் இல்லையென்றால் மட்டும் மெல்ல "சின்னம்மா" என்பான்.

கிளப்பில் ஒரு பழைய விதி உண்டு. வருடாந்தரக் கோப்பையை ஜெயிக்கிற ஜூனியர் அன்றைக்கே சீனியர் ஆகிவிடுவான். எந்த ஜூனியரும் ஜெயிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் யாரோ எழுதிவைத்த விதி. கோப்பை வருடா வருடம் தாமஸ் துரை வீட்டுக்குத்தான் போகும். பெரிய எஸ்டேட்டின் பெரிய துரை அவர், கமிட்டித் தலைவரும் அவரே. முரளிக்குக் கோப்பை பெரிதில்லை. சீனியர் ஆனால் விருந்தாளி அழைத்து வரலாம். கிளப்புக்குப் பாக்கியம் வந்தால் இதுவரை சமையல்கட்டுக் கதவோடு சரி. ஒரு நாளாவது அவளை அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைக்கவேண்டும் என்பதுதான் அவன் ஆசை. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்.

அந்த வருடம் அவன் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டான், எதிராளி தாமஸ் துரை. மறுநாளே பாக்கியம் சமையல்கட்டுக் கதவில் வந்து நின்றாள், முகமெல்லாம் பல்.

"அஞ்சல, புள்ள பைனலுக்குப் போயிட்டான்லா. ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டது வீண் போவல. பைனலுக்குப் போனா இந்தத் திருவிழாவுலயே தீ மிதிப்பான்னு நேந்துக்கிட்டேன்."

"அவங்கிட்ட கேட்டியா?"

"கேட்டா வேணாம்பான். அதான் கேக்கல."

எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இறுதி ஆட்டம் திருவிழாவுக்கு வெகு முன்னால் நடப்பதாக இருந்தது. ஆனால் மழை பிடித்துக்கொண்டது. மைதானம் குளமாகிவிட்டது. ஐயா ஆட்டத்தைத் தள்ளி வைத்தார், அப்புறம் இன்னொரு தடவை தள்ளி வைத்தார். கடைசியில் அவர் குறித்த ஞாயிற்றுக்கிழமை, எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருக்கிற வாரத்தில் வந்து விழுந்தது. காப்புக் கட்டியவன் மஞ்சள் உடுத்தவேண்டும், சவரம் செய்யக்கூடாது, ஒரு உயிரைக் கொல்லக்கூடாது, தீ மிதித்து முடிகிற வரைக்கும் காலில் செருப்போ சப்பாத்தோ போடக்கூடாது. பலகையில் ஐயா ஒட்டியிருந்த விதியோ, சப்பாத்து இல்லாமல் யாரும் புல்லில் இறங்கக்கூடாது என்றது.

பாக்கியத்தைப் பிடித்து இதை விளக்கினேன். "நான் நேந்துக்கிட்டப்ப மழ பேயலயே" என்றாள். ஆத்தாவிடம் தேதி மாற்றிக் கேட்க முடியாது. முரளியும் அம்மாவின் நேர்த்தியை மீறத் தயாராக இல்லை. பாவம், எதிலிருந்து எதைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் சலவைக் கொட்டகையில் வந்து உட்கார்ந்திருந்தான்.

ஐயாவிடமே போய்க் கேட்கச் சொன்னேன். கேட்டான். நானும் இஸ்திரி போட்ட துணியை வைக்கிற சாக்கில் அறைக்குள் நின்றேன். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். தாடியில் தடையில்லை என்றார், கிளப்பைத் தொடங்கியவர் படத்தில் பெரிய தாடியோடு நிற்கிறாராம். மஞ்சள் உடை என்றால் காலர் இருந்தால் போதும். சப்பாத்துக்கு வந்ததும் அவன் காலைப் பார்த்துப் பேசினார். "விரதம் உமக்கு, விதி கிளப்புக்கு. ரெண்டையும் நான் கலக்க ஏலாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்கு வந்து சேரும். மிச்சத்தை அங்க பார்ப்பம்" என்றார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தினமும் விபூதி பூசுகிற மனிதருக்கு இது புரியாதா? என்னால் முடிந்தது, முரளியின் வெள்ளைச் சட்டையை மஞ்சள் கரைத்த தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். அந்த அவசரத்தில் கிளப்பின் மேசை விரிப்பு இரண்டும் சேர்ந்து நனைந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் எல்லோரும் திருவிழாவுக்காகக் கிளப்பே ஏற்பாடு செய்தது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அன்று வராந்தா நிரம்பி வழிந்தது. எஸ்டேட் சனங்களுக்கு உள்ளே இடமில்லை, வேலிக்கு அப்பால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்றார்கள். அவர்கள் முன்வரிசையில் பாக்கியம். முரளி மஞ்சள் சட்டை, வெள்ளை முழுக்கால் சட்டை, கையில் காப்பு, வெறும் காலோடு வந்தான். நான் இருமவில்லை. என் தொண்டை அன்றைக்கு ஒத்துழைக்கவில்லை. ஆனால் தாமஸ் துரை நாற்காலியிலிருந்தே பார்த்துவிட்டார். விதிப்படி உடை தவறினால் எதிராளிக்குத்தான் வெற்றி, கோப்பையை எடுத்து வாருங்கள், எல்லோரும் சாப்பிடப் போகலாம் என்றார். முரளி தலையைக் குனிந்துகொண்டான். வேலிக்கு அப்பால் பாக்கியம் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

ஐயா அறையிலிருந்து வந்தார். முரளியின் காலைப் பார்த்தார். "இந்தக் கால் விதிக்குப் பொருந்தாது" என்றார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எதிராளிக்கு வெற்றி குடுக்க முதல், எதிராளி சரியோ எண்டு பார்க்க வேணும். அஞ்சலை, கோலைக் கொண்டு வாரும்."

தாமஸ் துரைக்கு உரல் மாதிரிக் கெண்டைக்கால். காலுறை அதில் ஏறினாலும் நிற்காது, வாசல்படி ஏறுவதற்குள் இறங்கிவிடும். எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்த்ததில்லை. நான் கோலோடு அவர் முன்னால் குனிந்தேன். கோட்டிலிருந்து ஒரு சாண் கீழே கிடந்தது காலுறை.

நான் இருமினேன். அப்படி ஒரு இருமல் என் வாழ்நாளில் இருமியதில்லை.

"இந்த மேஸ் எங்க போகுது?" என்றார் ஐயா, பெரிய துரையின் காலுறையைப் பார்த்து. "பெட்டியத் திறவும் பிள்ளை."

சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட ஒரு ஜோடியை எடுத்து நீட்டினேன். ஐயா பொறுமையாக விளக்கினார். துரை இதைப் போட்டுக்கொண்டால் அவர் உடை சரியாகிவிடும், ஆடாமலே கோப்பை அவருக்கு. போடாவிட்டால் இருவர் உடையும் தவறு. தாமஸ் துரை காலுறையைப் பார்த்தார், வராந்தாவில் இருந்த துரைசானிகளைப் பார்த்தார், வேலிக்கு அப்பால் நின்ற தன் எஸ்டேட் ஆட்களைப் பார்த்தார். ஆடியே ஜெயித்துக்கொள்வேன் என்று எழுந்தார்.

"நல்லது. அப்ப ரெண்டு பேரும் குற்றவாளியள். குற்றவாளியள் தங்களுக்குள்ள விளையாடலாம்" என்றார் ஐயா. என்னையும் கோலோடு கூடவே நடக்கச் சொன்னார், எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோல்ஃப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, அடிக்கிறார்கள், நடக்கிறார்கள். ஆனால் எட்டு குழி முடிந்தபோது இருவரும் சமமாக இருந்தார்கள் என்பது தெரிந்தது, ஏனென்றால் யாரும் மூச்சு விடவில்லை. மழை விட்ட புல்லில் அட்டை நெளிந்துகொண்டிருந்தது. ஆறாவது குழிப் பக்கமே ஒன்று முரளியின் கால் கட்டைவிரலில் ஏறிவிட்டது. மட்டைப் பை தூக்குகிறவர் சுருட்டை எடுத்துச் சுட வந்தார். முரளி வேண்டாம் என்று தலையாட்டினான். காப்புக் கட்டியவன் கொல்லக்கூடாதே. அது பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தது.

கடைசிக் குழியில் முரளி பந்தைப் போட்டுவிட்டான். தாமஸ் துரைக்கு ஒரு கை நீளம்தான் பாக்கி, அதைப் போட்டால் சமம், தவறினால் கோப்பை முரளிக்கு. குனிந்து நின்றார். எதிரே குழிக்கு அந்தப் பக்கம் முரளியின் வெறும் கால். அட்டை நாவல்பழம் அளவுக்கு ஊதியிருந்தது. துரையின் கண் பந்துக்குப் போகும், அட்டைக்கு வரும், மறுபடி பந்துக்குப் போகும். அவர் மட்டையைத் தள்ளவும், வயிறு நிரம்பிய அட்டை பொத்தென்று உருண்டு விழவும் சரியாக இருந்தது. துரையின் தலை நிமிர்ந்துவிட்டது. பந்து குழியை ஒட்டிக்கொண்டு போய் அப்பால் நின்றது.

தேயிலைக்குள் எழுந்த சத்தம் திரிங்காப் வரைக்கும் கேட்டிருக்கும். தாமஸ் துரை அட்டையைக் காட்டி ஐயாவிடம் முறையிட்டார். ஐயா குனிந்து அட்டையை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இதுக்கு எங்கட விதியில ஒண்டும் எழுதேல்லை, சேர்" என்றார்.

அடுத்த வாரம் முரளி தீ மிதித்தான். கூட்டத்தின் ஓரத்தில் ஐயா நின்றதைப் பார்த்தேன். கோட்டு, டை, தொப்பி எல்லாம் உண்டு, காலில் மட்டும் ஒன்றுமில்லை. மடித்த காலுறை கோட்டுப் பையில் எட்டிப் பார்த்தது. அன்றைக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

கதையை இங்கேயே முடித்தால் முரளிக்குப் பெருமை. ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும்.

சீனியர் ஆன முரளி முதலில் இரண்டு ஞாயிறு வெட்கத்தோடு பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அப்புறம் சாய்ந்து உட்கார்ந்தான். அப்புறம் காலை நீட்டினான். தேத்தண்ணி ஆறியிருந்தால் முகம் சுளிக்கக் கற்றுக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியத்தை விருந்தாளியாக அழைத்து வந்தான். பச்சைப் பட்டு, ஈப்போவில் வாங்கிய புதுச் சப்பாத்து. அவளுக்கு அது கடித்தது, உட்கார்ந்ததும் மேசைக்கடியில் கழற்றிவிட்டாள். மேசைக்கடியில் நடப்பது என் வேலையில் சேராது. பிரம்பு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க விரிப்பை உதறிக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு புது ஜூனியர் படியேறி வந்தான், அப்போதுதான் வேலையில் சேர்ந்த சின்ன துரை. காலுறை கொஞ்சம் இறங்கியிருந்தது. நான் இருமலாமா என்று யோசிப்பதற்குள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

"அஞ்சல, அந்தக் கோல எடுத்துக்கிட்டு வா."

மூன்று வருடம் வராத பேர் அன்றைக்கு அத்தனை சுலபமாக வந்தது. மனசு சுருக்கென்றது. ஆனாலும் சம்பளக்காரி, கோலை எடுத்துக்கொண்டு போனேன். புது ஜூனியர் பக்கம் திரும்புவதற்குள் ஒரு கை கோலைப் பிடித்துக்கொண்டது. பாக்கியத்தின் கை.

"இவள என்னன்னு கூப்புட்ட?" என்று மகனிடம் கேட்டாள். "நீட்டு கால" என்றாள்.

வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முரளி அரைக்கால் சட்டையில் இருந்தான், காலை நீட்டினான். பாக்கியம் வெறும் காலோடு எழுந்து, குனிந்து, கோலின் தலையை அவன் முழங்காலில் வைத்தாள். கோடு எதற்கென்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, வேலிக்கு அப்பாலிருந்து ஒரு தடவை பார்த்ததே போதும்.

"ரெண்டு வெரல் கம்மி" என்றாள்.

ஐயாவின் அறைக் கதவு திறந்தது. யாரும் இருமவில்லை, ஆனாலும் வந்தார். முரளியின் காலுறையைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். நான் திறந்தேன். முரளி தானே எழுந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினான். காது வரைக்கும் சிவந்திருந்தது. சிவப்பும் பச்சையுமாகக் கிடந்த குவியலைக் கிளறினான். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"சின்னம்மா," என்றான், வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி, "எனக்கு ஏத்த அளவு இருக்கா?"

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.